எங்கிருந்து அளந்தாய்?

ஒரு மழைக்காலத்து மதியம், அணை திறக்கப்போகும் வேளையில், ஆறும் சாலையும் ஊரும் ஒரு கணினித் திரைக்குள் சண்டை போட்டுக்கொண்டன.

மூன்றும் வரைபட அடுக்குகள்; ஊர் அடுக்கில் இரு கரை வீடுகளும் இருந்தன. கண்ணாடித்தாள் போல ஒன்றின் மேல் ஒன்றாக அவற்றைப் பரப்பியவள் ரெஜினா. தாலுகா அலுவலகத்தில் அந்த வேலையை இப்போதுதான் கற்கத் தொடங்கியிருந்தாள். எந்தக் கரை மூழ்கும் என்று தாசில்தார் குணசீலன் கேட்டபோது, திரையைப் பார்த்து, "கீழக்கோட்டம், சார். எதிர்க்கரை நாணல்மேடு தள்ளி இருக்கு" என்று சொல்லிவிட்டாள். பேருந்துகள் கீழக்கோட்டத்துக்குக் கிளம்பிவிட்டன.

அதன் பிறகுதான் சாலை முனகியது. "என் ஓரத்தில் ஒரு வீடுகூட இல்லையே. எல்லாம் வயலுக்குள் நிற்கின்றன."

"நான் என் இடத்தில்தான் நிற்கிறேன். நீதான் விலகி ஓடுகிறாய்" என்றது ஊர்.

"சாலையின் பாலம் என் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறது" என்று ஆறு சீறியது. "ஊரே, நீதான் பொய்!"

"பொய்யா? வீடு வீடாக அளந்து என்னைச் செய்தார்கள்!"

ரெஜினா திரைக்கருகே குனிந்தாள். "நீ எங்கிருந்து அளந்தாய்?" என்று ஊரைக் கேட்டாள்.

"பழைய அளவையின் தொடக்கப் புள்ளியிலிருந்து."

"நாங்கள் செயற்கைக்கோள் அளவை" என்றன மற்ற இரண்டும்.

"இதை முதலிலேயே கேட்டிருக்கலாமே" என்றது ஊர்.

ரெஜினா ஊரைப் புதிய அளவைக்கு மாற்றினாள். வீடுகள் நகர்ந்து சாலையோரம் வரிசையாக அமர்ந்தன. கீழக்கோட்டம் ஆற்றைவிட்டு விலகியது. நாணல்மேட்டின் வாசலில் ஆறு நின்றது.

ரெஜினா ஓடினாள். "சார், நான் சொன்னது தப்பு. பஸ்ஸெல்லாம் நாணல்மேட்டுக்குப் போகணும்!"

"உறுதியாத்தானேம்மா சொன்ன?"

"ரெண்டு அளவையும் வேற வேற, சார். பார்க்காம ஒண்ணு மேல ஒண்ணு போட்டுட்டேன்."

"அணையைத் திறந்தாச்சேம்மா!"

அவர் திட்டவில்லை, திட்ட நேரமில்லை. போனை எடுத்துக் கத்தினார். பாதி வழியில் பேருந்துகள் திரும்பின. நாணல்மேட்டு ஜனங்களை ஏற்றிக்கொண்டு கடைசிப் பேருந்து பாலத்தைக் கடந்தபோது சக்கரம் பாதி நீரில் இருந்தது. அந்தச் செய்தி வரும்வரை ரெஜினா உட்காரவே இல்லை.

ஆறு கரையேறி நாணல்மேட்டை நெருங்கியது.

ஊர் அதை நிமிர்ந்து பார்த்தது. "வா. உள்ளே யாரும் இல்லை."