ஒரு சாண்

மார்கழி ஐந்தாம் தேதி, காலை ஆறு மணி. அணைக்கரையில் ஒரு பரிசலும் பன்னிரண்டு அரிசி மூட்டைகளும் இருந்தன. ஒரு மூட்டையின்மேல் மாசிலாமணி உட்கார்ந்திருந்தார்.

பனியில் எதிர்க்கரை இல்லை. நீர் நடுவே இருந்த தீவும் இல்லை. தீவிலிருந்த ஆசிரமத்தின் மணியோசை மட்டும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்தது.

மாசிலாமணி சிமெண்ட் ஆலைகளின் புகையைக் கணக்கிட்டுச் சான்று தருபவர். ஆசிரமத்தின் குரு வேதநாயகி அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் மாசிலாமணி மாதம் ஒருமுறை வந்து குருவின் காலடியில்தான் உட்காருவார். இன்று அரிசி கொண்டுபோக குருவே கரைக்கு வந்திருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க, கணக்கரே."

"உலகம் ஒன்றரை டிகிரிக்கு மேல சூடாகக் கூடாதுன்னு எல்லை வச்சிருக்காங்க. அதுக்குள்ள நிக்கணும்னா ஒரு ஆலை இவ்வளவுதான் புகை விடலாம். எங்க மாப்பிள்ளை வேலை பார்க்கிற ஆலையில ஒரு டன் சிமெண்டுக்கு விடுற புகையைக் குறைச்சிட்டாங்க. ஆனா சிமெண்டை ரெண்டு மடங்காக்கிட்டாங்க. மொத்தப் புகை எல்லையைத் தாண்டிருச்சு. 'டன் கணக்கை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க மாமா'ங்கிறார். போடலேன்னா அவர் வேலை போயிடும். மகள் போன்ல அழுறா."

குரு பரிசலைக் கரையோரம் இழுத்து நிறுத்தினார்.

"மூட்டையை ஏத்துங்க" என்றார்.

சீடன் திருமேனியும் மாசிலாமணியுமாக எட்டு மூட்டைகளை ஏற்றினார்கள். மூவரும் ஏறி உட்கார்ந்ததும், குரு பரிசலின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே கையை விரித்து வைத்தார். சரியாக ஒரு சாண். அதற்குக் குறைந்தால் பரிசல் கிளம்பாது. தீவின் வழக்கம் அது.

"மீதி நாளைக்கு."

"அம்மா சாண் பெரிசு. என் சாணால அளந்தா இன்னும் ரெண்டு போகும்" என்று திருமேனி சிரித்தான்.

மாசிலாமணி இறங்கி, கரையில் கிடந்த மூட்டை ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"போன மாசம் முப்பது கிலோ மூட்டை. இது இருபத்தஞ்சுதான். நாலையும் தாராளமா ஏத்தலாம்மா."

"அப்படியா? ஏத்துங்க."

நாலும் ஏறின; இந்த முறை குரு சாண் வைத்து அளக்கவில்லை. பரிசல் பனிக்குள் நழுவியது. கரை கரைந்து போனது. மேலே இருப்பது வானமா தண்ணீரா என்று தெரியவில்லை. தான் விழித்திருக்கிறோமா என்றே மாசிலாமணிக்குச் சந்தேகம் வந்தது.

கால் குளிர்ந்தது. ஒரு சிற்றலை விளிம்பைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"தண்ணி! ஏம்மா, மூட்டை ஒவ்வொண்ணும் போன மாசத்தைவிட இலேசுதானே!"

குரு பரிசலைக் கரைப்பக்கம் திருப்பித் துடுப்பை வலித்தார்.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க, கணக்கரே? தண்ணிகிட்ட சொல்லுங்க."

மாசிலாமணி இரண்டு கைகளாலும் தண்ணீரை அள்ளி வெளியே இறைக்கத் தொடங்கினார்.

தை இரண்டாம் தேதி அவருடைய சான்று ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. மொத்தப் புகை எல்லையைத் தாண்டிவிட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். மாசி மூன்றாம் தேதி மகளும் மாப்பிள்ளையும் சாமான்களோடு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.