நாலாம் வேகத்துச் சொந்தக்காரர்

கூனிமலை என்று ஓர் ஊர். மேகம் வாசல் கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிடும் உயரம். அங்கே வையாபுரி, நாச்சிமுத்து, பொன்னுரங்கம், சடையாண்டி என்று நாலு பங்காளிகள் சேர்ந்து ஒரு பழைய வேன் வாங்கினார்கள். பின்னால் சண்டை வரக்கூடாது என்று அன்றைக்கே பங்கும் பிரித்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு சக்கரம். ஹீட்டர் விசிறிக்கு நாலு வேகம் இருந்தது கடவுள் செயல். வையாபுரிக்கு ஒன்று, நாச்சிமுத்துவுக்கு இரண்டு, பொன்னுரங்கத்துக்கு மூன்று, சடையாண்டிக்கு நாலு. அடுத்தவர் வேகத்தில் யாரும் கை வைப்பதில்லை. அவ்வளவு யோக்கியமானவர்கள்.

சடையாண்டியின் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கதிரேசன் வத்தலக்குண்டுக்காரர், வெயிலில் வளர்ந்தவர். அவரை அழைத்துவர நாலு பேரும் விடியற்காலையில் வேனோடு போனார்கள். ஒன்பதரைக்குள் தாலி ஏற வேண்டும். ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். விட்டால் ஆடி பிறந்துவிடும்.

பாதி மலையிலேயே மாப்பிள்ளைக்குப் பல் கிட்டியது. ஹீட்டர் குமிழ் வையாபுரியின் ஒன்றில்தான் இருந்தது. ஆனால் காற்று வரவில்லை. வண்டியை ஓரம் கட்டி மெக்கானிக் இப்ராகிமுக்குப் போன் போட்டார்கள்.

"ஒவ்வொரு ஸ்பீடா வச்சுப் பாருங்க" என்றார் அவர்.

நாச்சிமுத்து பின் சீட்டிலிருந்து இறங்கி, சுற்றி வந்து, முன்னால் ஏறி, தன் இரண்டை வைத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். ஒன்றுமில்லை. பொன்னுரங்கமும் அப்படியே வந்து மூன்றை வைத்தார். அதுவும் இல்லை. கடைசியாகச் சடையாண்டி வந்து நாலை வைத்ததும் புஸ்ஸென்று அனல் அடித்தது.

"அப்ப மோட்டார் நல்லா இருக்கு. ரெசிஸ்டர்னு ஒரு சின்னச் சாமான் கருகியிருக்கும், புதுசு போட்டுடலாம். அதுவரைக்கும் நாலுலயே ஓட்டுங்க."

பொன்னுரங்கம் போனை வாங்கினார். "பாய், அந்தப் புதுச் சாமான் எங்க நாலு பேருல யாருக்குச் சொந்தம்?"

இப்ராகிம் போனை வைத்துவிட்டார்.

வண்டி கிளம்பியது. இப்போது மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. நெற்றிச் சந்தனம் மூக்குக்கு இறங்கியது. நால்வரும் கவலையோடு ஆலோசித்தார்கள்.

"நாலு ஜாஸ்தி. ரெண்டு இருந்தாப் போதும்" என்றார் நாச்சிமுத்து.

"நாலுல ரெண்டைக் கழிச்சிட்டாப் போச்சு" என்றார் வையாபுரி.

கழிப்பதற்காக நாச்சிமுத்துவும் பொன்னுரங்கமும் ஆளுக்கொரு ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கு முகம் வெந்தது, முதுகு விறைத்தது. சடையாண்டி அவரை முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பி உட்கார வைத்தார். தங்கை வாழ்க்கை அல்லவா!

"மச்சான், போதும்! நிறுத்திடுங்க அதை!" என்று கதறினார் மாப்பிள்ளை.

வையாபுரி பிரேக் போட்டார். நால்வரும் குமிழையே பார்த்தார்கள். ஒன்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சைபர் இருந்தது. குளிர் ஊரில் அதற்கு வேலையே வந்ததில்லை.

"இது யார் பங்கு?"

யாருக்கும் இல்லை. பிரிக்காமல் விட்டுப்போன சொத்து.

"ஊரைக் கூட்டித்தான் பேசணும்" என்றார் சடையாண்டி. "பொதுச்சொத்துல நான் கை வச்சா நாளைக்கு ஒரு பேச்சு வரும்."

"மணி ஒன்பதாச்சு மச்சான்!"

"அதுக்காக நியாயத்தை விட முடியுமா மாப்ள?"

கதிரேசன் நல்ல மனிதர்தான். ஆனாலும் மனிதர். எட்டிப் பாய்ந்து, நாலு பேர் பங்கையும் மிதித்துக்கொண்டு, குமிழைச் சைபருக்குத் திருகினார். விசிறி அடங்கியது.

வையாபுரி மெல்லச் சொன்னார்: "திருப்பினவருக்குத்தானே சொந்தம்."

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். வண்டி பறந்தது. ஒன்பதரைக்குக் கொஞ்சம் முன்னால் தாலி ஏறியது. பிறகு மைக்கில் சீர் வாசித்தார்கள்: "பீரோ ஒண்ணு, கட்டில் ஒண்ணு, வெங்கலப் பானை ஒண்ணு, அப்புறம் வேன் ஹீட்டர்ல சைபர், முழுசா மாப்பிள்ளைக்கு!" கூட்டம் கை தட்டியது. சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

புதுச் சாமான் யாருக்கு என்று முடிவாகாததால் விசிறி இன்றும் நாலில்தான் ஓடுகிறது. அதை நிறுத்த வேண்டுமானால் வத்தலக்குண்டுக்குப் போய் மாப்பிள்ளையைக் கூட்டி வருகிறார்கள். அவரும் முதலில் கோபப்பட்டார். பிறகு, தன் சொத்து ஆயிற்றே, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கூனிமலைக்கு வந்ததும் கம்பீரமாகச் சைபரில் வைக்கிறார். காப்பி கொடுத்து, அதே வேனில் அவரைக் கொண்டுபோய் வீட்டில் விடுகிறார்கள்.

திரும்பி மலை ஏறும்போது குளிருகிறது. சடையாண்டி நாலைப் போடுகிறார். ஊருக்கு வந்து சேர்ந்ததும், அதை நிறுத்த வேண்டுமே என்று வண்டியைத் திருப்புகிறார்கள்.