மண்டபத்தில் இரு வீட்டார்

"எங்க அக்கா பிழைச்சு எந்திரிச்சா, அது எந்த மருந்தாலன்னு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார் சுடலைமுத்து.

கேட்டவர் சிஷ்யர். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. கேட்கப்பட்டவர் சித்த மருத்துவர் உலகம்மை. அவருக்கு இன்னும் ஒரு நரைகூட இல்லை. குருவுக்குத் தாய்மாமன் வயதில் சிஷ்யன் என்று தென்காசிப் பக்கம் கேலி பேசுவார்கள். இருவருக்கும் அதில் வருத்தமில்லை.

உலகம்மை கசாயத்தை வடிகட்டினார்.

நுரையீரலைப் பிடிக்கும் அந்தக் காய்ச்சல் பரவிய சாரல் காலம் அது. ஆஸ்பத்திரியில் கட்டில் தீர்ந்துபோய், ஒரு கல்யாண மண்டபத்தில் நோயாளிகளைப் படுக்கவைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அறையில் சித்த வைத்தியர்கள் கசாயம் காய்ச்சினார்கள். பெண் வீட்டார் அறையில் ஆங்கில மருத்துவர்கள் ஊசியும் மாத்திரையும் வைத்திருந்தார்கள். நடுவே, மணமேடைக்குக் கீழே, கட்டில்கள்.

மேடையில் யாரோ கழற்ற மறந்த காகிதப் பூக்கள் தொங்கின. ஜன்னல் வழியே சாரல் புகையாக உள்ளே வந்தது. வெள்ளை அங்கி போட்டவர்கள் அதற்குள் நடந்து மறைந்து மறுபடி தெரிந்தார்கள். எல்லோரும் ஒரே கனவில் இருப்பது போலிருந்தது.

ஓரத்துக் கட்டிலில் அக்கா பேச்சியம்மாள் கிடந்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கண் பாதி திறந்திருந்தும் யாரையும் அடையாளம் தெரியவில்லை. தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவள் போய்விட்டால் சுடலைமுத்துவுக்கு வேறு யாருமில்லை. அந்தப் பயத்தைத்தான் அவர் சண்டையாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

சண்டைக்கு ஆளும் கிடைத்திருந்தது. டாக்டர் ஞானதிரவியம்.

"கசாயத்தை நிறுத்துங்க. ஈரல் கெட்டா யார் பதில் சொல்றது?"

"நீங்க ஊசியை நிறுத்துங்க. அந்தச் சூட்டை உடம்பு தாங்கலை."

கட்டிலின் தலைமாட்டில் நின்றுதான் இத்தனையும்.

உலகம்மை டம்ளரோடு வந்தார்.

"சரி. ஒண்ணை நிறுத்திருவோம். அப்பத்தான எதுன்னு தெரியும்?"

இருவரும் தலையாட்டினார்கள்.

"அண்ணாச்சி, இந்தக் குழாயும் அவுக வைத்தியந்தான. எடுங்க."

சுடலைமுத்து குனிந்தார். அக்காவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார். கை குழாய் வரை போனது. அங்கேயே நின்றது.

"முடியலைம்மா."

உலகம்மை டம்ளரை டாக்டரிடம் நீட்டினார்.

"டாக்டர், நீங்க இதைக் கொட்டிருங்க."

ஞானதிரவியம் வாங்கினார். கொடுத்த கஞ்சியையெல்லாம் பேச்சியம்மாள் கக்கியிருந்தாள். கரண்டி கரண்டியாகக் கொடுத்த கசாயம் மட்டும் உள்ளே தங்கியதை அவரே பார்த்திருக்கிறார். டம்ளர் இன்னும் சூடாக இருந்தது.

அவர் கொட்டவில்லை.

உலகம்மை அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.



"இதை எப்பக் கொடுக்கணும்?" என்று டாக்டர் சுடலைமுத்துவிடம் மெதுவாகக் கேட்டார்.

"சாப்பாட்டுக்கு முன்னால. உங்க ஊசி?"

"கொஞ்சம் இடைவெளி விட்டுப் போட்டுக்கிடலாம். ரத்தத்தையும் சோதிச்சுப் பாத்துக்கிடுவோம். ஈரல் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சிரும்."

"சரிங்க டாக்டர்."

பிறகு ஒரு நாள் சாரல் விட்டு வெயில் அடித்தது. பேச்சியம்மாள் குழாய் இல்லாமல் மூச்சு விட்டாள். தம்பியை அடையாளம் கண்டு சிரித்தாள். சுடலைமுத்து அழுதார். அழுது முடித்ததும் பழைய புத்தி எட்டிப் பார்த்தது.

"அக்கா, உன்னைக் காப்பாத்துனது எது? கசாயமா, ஊசியா?"

டாக்டரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"எனக்கென்னலே தெரியும்? யார் வீட்டுக் கல்யாணமோன்னு கிடந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரனும் பொண்ணு வீட்டுக்காரனும் தலைமாட்டில நின்னு அந்தச் சண்டை போட்டானுவ. இது நடக்காது, நாம கிளம்பிருவோம்னு நினைச்சேன்."

இரண்டு ஆண்களும் தரையைப் பார்த்தார்கள்.

"பொறவு சத்தம் அடங்கிட்டு. ரெண்டு பேரும் மெதுவாப் பேசிக்கிட்டாக. சரி, சம்பந்தம் கூடிருச்சு, இருந்து சாப்பிட்டுட்டே போவோம்னு படுத்துட்டேன்."

அவள் தலையைத் திருப்பிக் காகிதப் பூக்களைப் பார்த்தாள்.

"பந்தி எப்பலே போடுவாக?"