வௌவால் சொன்ன கிளுவை வேலி

குளத்தை ஒட்டிய புல்வெளியில் ஒரு பெண் முயல் வாழ்ந்தது. வளை தோண்டி ஒளிந்துகொள்வதெல்லாம் சீமை முயலின் பழக்கம். நம் காட்டு முயல் புல்லை அமுக்கிப் பள்ளமாக்கி, அதில் படுத்துக்கொண்டு, தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பும். இந்த முயலும் அப்படித்தான் நம்பியது. போன ஈற்றுக் குட்டிகளை நரி தின்ற பிறகு அந்த நம்பிக்கையை விட்டது.

இப்போது அது மறுபடி சினையாக இருந்தது.

"இந்த முறை வேலி போடாமல் குட்டி போட மாட்டேன்!" என்று முயல் சபதம் செய்தது. அது தன் கையில் உள்ள காரியம் அல்ல என்றாலும், உறுதி பாராட்டத்தக்கது.

வேலிக்குக் கிளுவை மரத்தை விஞ்ச எதுவும் இல்லை. உடம்பெல்லாம் முள். கிளையை ஒடித்து ஈர மண்ணில் ஊன்றினால் வேர்விட்டுத் துளிர்த்துவிடும். அப்படி நடும் கிளைக்குப் போத்து என்று பெயர். முயல் வாயெல்லாம் குத்துப்பட, போத்துகளைக் கடித்துக் குவித்தது.

நரி இதைப் பார்த்துவிட்டது. வேர் பிடித்த கிளுவை வேலிக்குள் தன் மூக்குகூட நுழையாது என்பது அதற்குத் தெரியும்.

"தங்கச்சி! மாசமாக இருக்கும்போது இதென்ன வேலை? நடுவது என்பது பெரிய சாத்திரம். ஆலமரத்து வௌவாலாரைக் கேட்காமல் ஒரு குச்சியைக்கூட ஊன்றாதே!"

"என் குட்டிகளைத் தின்றது நீதானே?"

"பழசைக் கிளறாதே, தங்கச்சி! யோசனையை யார் சொன்னால் என்ன?"

முயல் நரியை நம்பவில்லை. ஆனால் வௌவாலின் புகழை நம்பியது. காட்டில் பாதி இலுப்பை மரங்கள் தான் வளர்த்தவை என்று வௌவால் சொல்லிக்கொள்ளும். பொய்யில்லை. பழத்தைத் தின்றுவிட்டு அது போட்ட கொட்டைகள் முளைத்தன. அதைத் தோட்டக்கலை என்று அழைக்கும் துணிச்சல் மட்டுமே அதன் சொந்தச் சரக்கு.

அந்தியில் முயல் ஆலமரத்தடிக்குப் போனது.

"ஐயா, போத்தின் அடிப்பக்கம் மண்ணுக்குள், நுனி வெளியே. சரிதானே?"

"அபத்தம்!" என்றது தலைகீழாகத் தொங்கிய வௌவால். "என்னைப் பார். கால் மேலே, தலை கீழே. சான்றோர் நிலை இதுதான். செடிக்கும் இதுவே முறை. நுனியை மண்ணில் புதை!"

"மரத்தில் அடிப்பக்கம் கீழேதானே இருந்தது?"

"அது மரத்தின் அறியாமை! கால் கீழே இருந்தால் சாறெல்லாம் காலிலேயே தேங்கிவிடும், பெண்ணே. தலையைக் கீழே வைத்துப் பார், தானாக இறங்கும். என் அறிவெல்லாம் எப்படி இறங்கியது என்று நினைக்கிறாய்?"

முயல் அப்படியே நட்டது. முட்கள் ஏறுமாறாக நின்றன.

"அடடா, என்ன அழகு!" என்று நரி வாயூறச் சொன்னது. வேரில்லாத வேலியைச் சாய்க்க ஒரு தும்மல் போதும்.

மறுநாள் அந்தியில், நன்றி சொல்வதற்காக முயல் மறுபடி ஆலமரத்தடிக்குப் போனது. அப்போது வௌவால் ஒரு விசித்திரம் செய்தது. சிறகு நகத்தால் கிளையைப் பற்றி, சரேலென்று புரண்டு, தலை மேலாகவும் கால் கீழாகவும் தொங்கியது.

"ஐயா! சான்றோர் நிலை என்ன ஆயிற்று?"

"இது வேறு காரியம். தள்ளி நில்."

"என்ன காரியம்?"

"வயிற்றுக் காரியம்! முன்போலவே தொங்கினால் எல்லாம் என் முகத்தில் அல்லவா விழும், முட்டாளே!"

மேலிருந்து ஒன்று முயலின் காதருகே பொத்தென்று விழுந்தது. முயலுக்குக் கோபம் வரவில்லை. ஞானம் வந்தது.

"அப்படியானால் எது மேல், எது கீழ் என்று உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது!" என்று சொல்லிவிட்டு ஓடியது. எல்லாப் போத்துகளையும் பிடுங்கியது. அடிப்பக்கத்தை மண்ணில் ஆழ ஊன்றி, காலால் மிதித்து இறுக்கியது. தன் உடல் நுழையும் அளவு மட்டும் ஒரு சந்து விட்டது. மழை பெய்தது. வேர் பிடித்தது. கொழுந்து எட்டிப் பார்த்தது. முயல் உள்ளே போய்க் குட்டி போட்டது.

குட்டி வாசம் பிடித்து நரி வந்தது. தும்மிப் பார்த்தது. வேலி அசையவில்லை. முகத்தால் முட்டியது. முள் மூக்கில் ஏறி முறிந்தது. ஊளையிட்டுக்கொண்டே ஆலமரத்துக்கு ஓடியது.

"தலைகீழாக நடத்தானே சொன்னாய்? எப்படி வேர் பிடித்தது?"

"சொன்னேன்தான்," என்று வௌவால் முனகியது. "அவள் என் பேச்சைக் கேட்டதோடு நிற்காமல், என் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டாள்!"

ஊரைத் தலைகீழாக நிற்கச் சொல்கிறவர், தன்மேல் விழும் வேளையில் எப்படி நிற்கிறார் என்று பார்த்த பிறகே அவர் சொல்லைக் கேட்க வேண்டும்.