தளபதியின் பாட்டு

கிளமெண்டுக்கு நாற்பத்தேழு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்திரண்டு. ஒலிக்கலவை கற்றுக்கொடுங்கள் என்று நிலோஃபரிடம் தானாகவே போய்ச் சேர்ந்தவர், ஆகவே வயதைப் பற்றி வாய் திறக்க வழியில்லை.

அன்று அயனாவரத்து ஸ்டூடியோவுக்கு அவர் கொண்டுவந்தது தன்னுடைய ஹெவி மெட்டல் ஆல்பம், காதைக் கிழிக்கும் ராக் இசை. பதினொரு பாட்டு, எழுபது நிமிடம், எல்லாம் சேர்ந்து ஒரே கதை. தளபதி காட்டிக்கொடுக்கிறான். ராஜா பாதாளத்தில் விழுகிறான். பிறகு இரும்புப் படை திரட்டிக்கொண்டு பழிவாங்க வருகிறான்.

நிலோஃபர் கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"எப்படி மேடம்?"

"நாலாவது பாட்டுல கிட்டார் ஏறுதே, சிலிர்த்துப்போச்சு. ராஜா விழுறப்ப நானும் கூடவே விழுந்தேன். இவ்ளோ பெரிய கோபத்தை மெட்டலை விட்டா வேற எது தாங்கும்?"

கிளமெண்டுக்குத் தலைகால் புரியவில்லை. "குறை?"

"எட்டாவது பாட்டுக்கு அப்புறம் டிரம்ஸ் மூச்சே விடல. நடுவுல நடுவுல ஒரு ஆள் வந்து கதை சொல்றாரு. பாட்டே சொல்லிடுச்சு, அவரு எதுக்கு? அதெல்லாம் சரிபண்ணிக்கலாம். யாருக்காக இதைப் பண்ணீங்க?"

"எபநேசருக்காக. எங்க பேண்டுல பேஸ் கிட்டார் வாசிச்சவன். பதினாறு வருஷம் முன்னாடி பெரிய கச்சேரி. மேடை ஏற அரை மணி நேரம் இருக்கு, விட்டுட்டுப் போயிட்டான். அன்னியோட பேண்டு முடிஞ்சுது. இப்ப தூத்துக்குடில இருக்கான். இதைக் கேட்டா நான் பட்டது அவனுக்குப் புரியும். திரும்பி வருவான் மேடம்."

அந்த ஒரு ஆசையில்தான் மூன்று வருடமாக வீடு வாசல் மறந்து கிடந்தார்.

நிலோஃபர் ஏழாவது பாட்டை எடுத்தார். கிட்டார், டிரம்ஸ், கோரஸ், ராஜாவின் குரல் என்று ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தார். கடைசியில் தளபதியின் குரல் மட்டும் மிஞ்சியது. அடித்தொண்டையிலிருந்து வரும் உறுமல்.

"என்ன சொல்றாரு இவரு?"

பாடியவர் கிளமெண்டேதான். இருந்தும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல மேடம். வார்த்தை எழுதல. வில்லன்தானே, உறுமினா போதும்னு விட்டுட்டேன்."

"ராஜாவுக்கு?"

"பதினொரு பாட்டும் அவன் பேச்சுதான்."

"எபநேசர் அன்னிக்கு என்ன சொல்லிட்டுப் போனாரு?"

கிளமெண்ட் தலைகுனிந்தார்.

"ஏதோ சொல்லத்தான் வந்தான். கையைப் பிடிச்சான். நான்தான் ஆம்ப்ளிஃபையர் சத்தத்தை முழுசா ஏத்தி வெச்சேன். வாய் அசைஞ்சது தெரிஞ்சுது, அவ்ளோதான்."

"அப்புறம் கேக்கலையா?"

"முதல்ல கோபம். அப்புறம் வெக்கம்."

பதினாறு வருடத்தில் ஒரு போன் போட்டிருக்கலாமே என்று இப்போதுதான் தோன்றியது. நிமிர்ந்தார்.

"ஒரு வாரம் டைம் குடுங்க மேடம். தளபதிக்கு நல்ல வரிகளா எழுதிக் கொண்டாந்துடறேன்."

"எபநேசர் சொல்ல வந்தது உங்களுக்குத் தெரியாதே அண்ணே," என்றார் நிலோஃபர். "எதை எழுதுவீங்க?"