காலி வண்டியின் எடை

இருட்டின பிறகு, கொல்லிமலை உச்சியில் நின்ற சினிமா கேரவனிலிருந்து யாரோ பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. லாரியின் முதுகில் கேரவனின் கழுத்து வந்து உட்காரும் இடத்தை டிரைவர் ஆரோக்கியம் குனிந்து பார்த்தான். "லோடு அதிகம் சார். இறக்கத்தில பிரேக் பிடிக்காது."

மேனேஜர் சதாசிவம் கதவோரம் அடித்திருந்த தகட்டைத் தட்டினார். "படிக்கத் தெரியுமில்ல? அஞ்சு டன். உன் லாரி ஆறு டன் இழுக்கும். இப்பவே வண்டியை மலையிலிருந்து கீழே இறக்கு. இல்லேன்னா சாவியைக் குடு, வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

கேரவனில் சமைக்கும் ரெஜினா ஆரோக்கியத்தின் மனைவி. கைக்குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு கேட்டாள். "அது வெறும் வண்டியோட எடைதானே சார்?"

"வெறும் வண்டிதாம்மா. ஷூட்டிங் சாமானெல்லாம் நேத்தே போயாச்சு. உள்ளே காலி."

"கேட்டீங்களா அண்ணே," என்று அவள் அங்கே நின்ற லைட்மேன்கள் பக்கம் திரும்பினாள். "காலியாம். உள்ளே ஏதாவது கிடந்தா எடுத்துக்குங்க, யாருக்கும் சொந்தமில்ல."

இரண்டு பேர் படியில் கால் வைத்ததுதான் தாமதம், மேனேஜர் குறுக்கே பாய்ந்தார். "டேய், தொடாதீங்கடா. என் பொண்ணு வீட்டுக்கு வாங்கின டைல்ஸ். அறுபது பெட்டி."

"ஒரு பெட்டி எத்தனை கிலோ சார்?" என்றாள் ரெஜினா.

"முப்பது," என்றவர் மனசுக்குள் பெருக்கி, வண்டியின் அஞ்சு டன்னோடு கூட்டிப் பார்த்தார். ஆறைத் தாண்டியதும் கதவோரத் தகட்டைக் கையால் மறைத்துக்கொண்டார்.

லைட்மேன்கள் சிரித்த சிரிப்பில் ரெஜினாவுக்கே அவர்மேல் பாவமாகிவிட்டது. "காலையில ஒரு டெம்போ பிடிச்சு இதை ஏத்திவிடலாம் சார். உங்க பொண்ணு வீட்டுக்குப் பத்திரமாப் போய்ச் சேரும்," என்று தன் போர்வையை நீட்டினாள்.

அவர் அதை வாங்கிக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே போய், லைட்மேன்களைச் சந்தேகமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவை உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டார்.