மேனேஜருக்குச் சொன்ன வழி

பொங்கல் நெருங்க நெருங்க, திருப்பூர் பனியன் கம்பெனியில் இஸ்திரி போடும் உச்சிமாகாளிக்கு வேலை ஓடவில்லை. தென்காசிப் பக்கம் ஊரில் அவன் மகள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். மனம் கேட்காமல் முதலாளி வேலப்பனிடம் போய் வேலையாட்கள் எல்லாருக்குமாக லீவு கேட்டான்.

கம்பெனியில் பணம் போட்ட பங்காளிகளோடு உட்கார்ந்திருந்த வேலப்பன் சிரித்தார். "கப்பலுக்குச் சரக்கும் போகோணும், இவங்களுக்கு நட்டமும் ஆகக்கூடாது, நீங்களும் ஊருக்குப் போகோணும். அப்படியொரு வழி இருந்தாச் சொல்லு, விடறேன்."

"வழியை நீங்களே சொல்லிட்டீயளே மொதலாளி. காலையில உங்க மக பெங்களூர்லேருந்து, பொங்கலுக்கு மேனேஜரு லீவு தரலைன்னு ஸ்பீக்கர் போன்ல அழுதாவ. 'மூணு நாள் விடச் சொல்லு, திரும்பி வந்து கூடுதல் ஷிப்டு பார்த்து முடிச்சுத் தர்றோம்னு சொல்லு, ஈரமில்லாத மேனேஜரு'ன்னு நீங்க சத்தம் போட்டீய. நான் சன்னலோரம் இஸ்திரி போட்டுக்கிட்டு நின்னேன்."

பங்காளிகள் மீசைக்குள் சிரித்தார்கள். வேலப்பன் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"போயிட்டு வாங்கப்பா," என்றார்.

பொங்கலன்று உச்சிமாகாளியின் மகள் அவன் தோளைவிட்டு இறங்கவில்லை. பெங்களூரில் அந்த மேனேஜரைக் கேட்க ஓர் உச்சிமாகாளி இல்லை. வேலப்பன் வீட்டில் மகளுக்குப் போட்ட இலை காலியாகவே கிடந்தது.